பழைய காரின் பாகங்கள் ஒரிஜினல்தானா?

பழைய கார் வாங்க நினைப்பவர் மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்வதுதான் வழக்கம். சென்ற ஆண்டு என் அலுவலக நண்பர் ஒருவர், மெக்கானிக்கைப் பார்த்த பின்னர் என்னிடமும் வந்தார். நாங்கள் வேலை பார்ப்பது அமெரிக்காவில், டெட்ராய்ட் நகருக்கு அருகில். நண்பர் ஓய்வு பெறும் வயதில் இருப்பவர். சிறு வயதில் அவருடைய அப்பா வைத்திருந்தது போன்ற 1965 ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்று விற்பனைக்கு வந்திருந்தது. இன்ஜின் உட்பட எல்லாமே தொழிற்சாலையில் பொருத்தியவை என்று கூறிய விற்பவர், அதற்கேற்ற விலையும் கேட்டார்.

வண்டி நன்றாக ஓடுகிறது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். ஆனால் நன்றாக ஓடுவது வேறு. ஒரிஜினலாக இருப்பது வேறு. “இது நம்பர் விஷயம், நீதான் பார்க்க வேண்டும்” என்று நண்பர் சில போட்டோக்களை அனுப்பினார். ஒரு மாலை நேர வேலை என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

(ஒரு சிறு குறிப்பு: வண்டியில் உள்ள ஆங்கில எழுத்துக்களை இங்கே அவற்றின் உச்சரிப்பால் எழுதியிருக்கிறேன்.)

வண்டி எண் என்ன சொல்கிறது?

முதலில் இன்டர்நெட்டில் வண்டி எண்ணை விளக்கும் தளம் ஒன்றில் எண்ணை டைப் செய்தேன். ஏற்றுக்கொள்ளவில்லை. காரணம் எளிது. இன்று நாம் பார்க்கும் 17 இலக்க எண் அமெரிக்காவில் 1981 மாடல் வண்டிகளில் இருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அங்கே அதன் ஒன்பதாவது இடம் சரிபார்ப்பு இலக்கம். ஓர் எழுத்தைத் தவறாக டைப் செய்தாலும் கம்ப்யூட்டர் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். 1965 மஸ்டாங்கின் எண்ணுக்கு 11 இடங்கள் மட்டுமே. சரிபார்ப்பு இலக்கமும் கிடையாது.

நண்பர் பார்த்த வண்டியின் எண் 5எஃப்07சி என்று தொடங்கியது. 5 என்றால் 1965 மாடல். எஃப் என்றால் டியர்பார்ன் தொழிற்சாலை. 07 என்றால் இரண்டு கதவு ஹார்ட்டாப். சி என்றால் 289 கன அங்குல வி8 இன்ஜின். அடுத்த ஆறு இலக்கங்கள் வரிசை எண். கதவில் இருந்த தகட்டில் தேதி 22ஏ என்று இருந்தது. அதாவது ஜனவரி 22. இந்தத் தகட்டைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. பானட்டைத் திறந்தால் தெரியும் பக்கவாட்டு உட்புறத் தகட்டிலும் வண்டி எண் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துப் போயின.

1967 முதலான வண்டிகளுக்கு ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகள் உள்ளன. மார்ட்டி ஆட்டோ ஒர்க்ஸ் என்ற நிறுவனம் கட்டணம் பெற்றுக்கொண்டு அவற்றிலிருந்து அறிக்கை தருகிறது. 1965 வண்டிக்கு இந்த வசதி இல்லை. சாதாரண 289 இன்ஜினில் அந்த ஆண்டு வண்டி எண்ணைப் பொறிக்கவும் இல்லை. எனவே இரண்டு எண்களை ஒப்பிட்டு முடித்துவிட முடியாது. பாகங்களின் வார்ப்புத் தேதிகளைத்தான் பார்க்க வேண்டும்.

தேதியைப் படிப்பது எப்படி?

இன்ஜின் பிளாக்கில் சி5ஏஇ-6015-இ என்று இருந்தது. முதல் எழுத்து சி 1960களைக் குறிக்கும். 5 என்றால் 1965. 6015 என்பது பிளாக்கிற்கான எண். விற்பவர் இதைக் காட்டித்தான் 1965 இன்ஜின் என்று சொன்னார். ஆனால் இது அந்த பாகம் வடிவமைக்கப்பட்ட ஆண்டு. வார்க்கப்பட்ட நாள் வேறு இடத்தில் தனியாக இருக்கும்.

அந்தத் தேதி ஆண்டின் கடைசி இலக்கம், மாதத்தின் எழுத்து, நாள் என்ற வரிசையில் அமைந்திருக்கும். ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று தொடர்ந்து எம் டிசம்பர். 1 என்ற எண்ணோடு குழம்பாமல் இருக்க ஐ என்ற எழுத்தை விட்டுவிட்டார்கள். பிளாக்கின் தேதி ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அருகிலும், சிலிண்டர் ஹெட்டின் தேதி வால்வு மூடிக்கு அடியிலும் இருக்கும். டார்ச் ஒளியை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் இருந்து அடித்துப் போட்டோ எடுத்தால் புடைப்பு எழுத்துக்கள் தெளிவாகத் தெரியும்.

இனி விதி ஒன்றே ஒன்றுதான். பாகம் முதலில் வார்க்கப்பட வேண்டும். அதன் பிறகுதான் வண்டி உருவாக முடியும். சில நாட்களோ சில வாரங்களோ முந்தி இருந்தால் பொருத்தம். ஒரு நாள் பிந்தி இருந்தாலும் அந்த பாகம் அந்த வண்டியோடு பிறந்ததல்ல.

எக்ஸெல் செய்த வேலை

எக்ஸெல் ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்து ஒவ்வொரு பாகத்தின் தேதியையும் டைப் செய்தேன். முதல் இலக்கத்துடன் 1960ஐக் கூட்டி ஆண்டு; ஃபைண்ட் பங்ஷன் மூலம் எழுத்தின் இடத்தைக் கண்டு மாதம்; எழுத்துக்குப் பின் வருவது நாள். மூன்றையும் டேட் பங்ஷனில் கொடுத்தேன். ஷீட் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று, பிழை வந்தால் செல் காலியாக இருக்கும்படி இஃப்எரர் பங்ஷனையும் சேர்த்தேன். வண்டியின் தேதிக்குப் பிந்திய பாகங்கள் எத்தனை என்று எண்ணும் செல்லில் 0 என்று வந்தது. “எல்லாம் சரி, வாங்கலாம்” என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். அவரும் பணத்திற்கு ஏற்பாடு செய்தார்.

பணம் கொடுப்பதற்கு முதல் நாள் இரவு, அவரிடம் தர ஷீட்டை பிரிண்ட் எடுத்தேன். ஹெட் இரண்டும் 4எம்8, 4எம்10. அதாவது 1964 டிசம்பர் 8, 10. இன்டேக் மேனிபோல்டு 4எல்30, நவம்பர் 30. பிளாக் இருந்த வரியில் மட்டும் 5.00இ+12 என்று இருந்தது. பக்கத்துச் செல் காலி.

போட்டோவை மறுபடி திறந்து பார்த்தேன். அதில் இருந்தது 5இ12. அதாவது 1965 மே 12. எண்களுக்கு நடுவே வரும் இ என்ற எழுத்தை எக்ஸெல் அறிவியல் முறை எண்ணாக எடுத்துக்கொள்ளும். எனவே மே மாதத் தேதியை 5க்குப் பின் 12 பூஜ்யங்கள் என்று மாற்றிவிட்டது. ஃபார்முலாவும் பிழை என்றுதான் சொல்லியிருக்கிறது. அதை மறைத்தது நான். வண்டி ஜனவரியில் உருவானது. பிளாக் மே மாதம் வார்க்கப்பட்டது. விலையை முடிவு செய்யும் ஒரே பாகம், என் ஷீட்டில் காலிச் செல்லாக இருந்தது.

உடனே நண்பருக்கு போன் செய்து என் தவறைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஹெட் இரண்டும் பழையதுதானே?” என்று கேட்டார். ஆம் என்றேன். எப்போதோ பிளாக் கெட்டுப்போய், யாரோ அதை மட்டும் மாற்றியிருக்கலாம். மறுநாள் விற்பவரிடம் போட்டோவைக் காட்டினோம். அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. பிளாக் மாற்றப்பட்ட வண்டிக்குரிய விலைக்குப் பேசி நண்பர் வாங்கினார். அதே வண்டிதான், ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினார்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. குறியீடுகளை டைப் செய்யும் முன், அந்த நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் செல்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் என்று அமைத்திடுங்கள். அல்லது குறியீட்டுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறியை டைப் செய்திடுங்கள்.

2. டைப் செய்த பிறகு டெக்ஸ்ட் ஆக மாற்றினால் பயன் இல்லை. பழைய எழுத்துக்கள் திரும்பி வராது. மறுபடி டைப் செய்ய வேண்டும்.

3. புதிய எக்ஸெல் பதிப்புகளில் ஆப்ஷன்ஸ், டேட்டா பகுதியில் இத்தகைய தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி உண்டு. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் முதல் வழியைப் பின்பற்றுங்கள்.

4. பிழைச் செய்தியை மறைக்காதீர்கள். காலிச் செல்லுக்குப் பதிலாக “பார்க்கவும்” என்று வரும்படி அமைத்திடுங்கள்.

இது கார்களுக்கு மட்டுமான பிரச்சினை அல்ல. எக்ஸெல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே 2020ல் சில மனித மரபணுக்களின் பெயர்களையே விஞ்ஞானிகள் மாற்ற வேண்டி வந்தது. நம் வீட்டிலும் சீரியல் எண், போன் எண், பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண் என்று எத்தனையோ ஷீட்டில் எழுதி வைக்கிறோம். சேவ் செய்யும் முன் கையில் உள்ள பில்லோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.