மறந்தவரும் மறக்கப்பட்டவரும்: நினைவிழப்புக் கதைகளும் மதுரை வட்டாரப் பார்வையாளர் ஏற்பும்

ஆய்வுச்சுருக்கம்

நினைவிழப்பை மையமாகக் கொண்ட தமிழ்த் திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றும் பார்வையாளரிடம் பெற்ற ஏற்பினை மதுரை வட்டாரப் பண்பாட்டுப் பின்னணியில் இக்கட்டுரை விளக்குகிறது. மறதியைப் பிழையாகக் கருதும் தமிழ் மரபு, பார்வையாளரின் இரக்கத்தை நினைவை இழந்தவரிடம் நிறுத்தாமல் மறக்கப்பட்டவரிடம் கொண்டு சேர்க்கிறது என்பதே இதன் கருதுகோள். ‘மூன்றாம் பிறை’, ‘விடாது கருப்பு’, ‘கஜினி’, ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ ஆகியவை எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: நினைவிழப்பு, பார்வையாளர் ஏற்பு, ரசிகர், மதுரை, சாமியாட்டம், பட்டப்பெயர்.

முன்னுரை

தமிழ்ப் பார்வையாளரைப் பற்றிய ஆய்வுகளில் மதுரைக்குத் தனியிடம் உண்டு. 1952ஆம் ஆண்டு ‘பராசக்தி’ படத்துடன் திறக்கப்பட்ட தங்கம் திரையரங்கு 2500க்கும் மேற்பட்ட இருக்கைகளைக் கொண்டிருந்தது; ஒரு நகரம் திரைப்படத்திற்கு எவ்வளவு இடம் ஒதுக்கியது என்பதற்கு அதுவே போதிய சான்று. அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி 1980களின் நடுப்பகுதியில் மதுரையில் களப்பணி மேற்கொண்டு, நகர்ப்புற ஏழை மக்களும் திரைப்படமும் கொண்டுள்ள உறவைப் பற்றி எழுதிய நூல் 1993இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது. படம் பார்ப்பது அன்றாடத் துன்பத்திலிருந்து விலகியிருப்பதற்காக என்று மக்கள் கூறினாலும், அந்த விலகலுக்குள்ளேயே குடும்பம், வர்க்கம் சார்ந்த அவர்களுடைய கவலைகள் மிகையுணர்ச்சிக் கதைகளின் வழியே கையாளப்படுகின்றன என்பது அந்நூலின் முதன்மையான வாதங்களுள் ஒன்று.

இவ்வாதத்தை நினைவிழப்புக் கதைகளுக்குப் பொருத்திப் பார்க்கும்போது ஒரு வினா எழுகிறது. அறிவியல் புனைவிலும் மேலைநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களிலும் நினைவிழப்பு என்பது பெரும்பாலும் ‘நான் யார்’ என்னும் தன்னடையாளச் சிக்கலாக அமைகிறது. அங்கு ரசிகர்கள் விவாதிப்பதும் நினைவை இழந்தவரின் அகத்தைப் பற்றியே. தமிழில் அதே பொருள் ‘என்னை மறந்துவிட்டாயா’ என்னும் வினாவாக மாறிவிடுகிறது. இம்மாற்றம் எங்கிருந்து வந்தது?

மறதி என்னும் பிழை

தமிழில் ‘மற’ என்னும் வினை ஒழுக்கச் சார்பு கொண்டது. பெற்ற உதவியை மறப்பதைத் திருக்குறள் கழுவாய் இல்லாத பிழையாகவே வைக்கிறது. கடமையில் மறதி கொள்ளாமையைப் பற்றிப் ‘பொச்சாவாமை’ என்று தனி அதிகாரமே வகுக்கிறது. காமத்துப்பாலில் ‘நினைந்தவர் புலம்பல்’ என்றோர் அதிகாரம் உண்டு. மறந்தவர் புலம்புவதற்கு அதிகாரம் இல்லை. பொருள்வயிற் பிரிந்த தலைவன் மறந்துவிட்டானோ என்று ஆற்றியிருக்கும் தலைவியின் குரலே அகப்பாடல்களில் மிகுதியாகக் கேட்கிறது. மறந்தவன் பக்கத்து நியாயம் அங்கே வினவப்படுவதில்லை.

சகுந்தலை கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மகாபாரதத்தில் துஷ்யந்தனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, தெரிந்தே மறுக்கிறான். காளிதாசன்தான் துருவாசரின் சாபத்தையும் தொலைந்த மோதிரத்தையும் கொண்டு அவனைப் பழியிலிருந்து மீட்கிறான். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1940இல் வெளியான ‘சகுந்தலை’ படம் காளிதாசன் வழியில் சென்றது. ஆயினும் அப்படம் இன்றும் நினைக்கப்படுவது துஷ்யந்தனாக நடித்த ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் மறதிக்காக அன்று. மறக்கப்பட்ட பெண்ணாக நடித்துப் பாடிய, மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகவே. சாபம் அரசனைக் குற்றமற்றவனாக்கிற்று. இரக்கத்திற்கு உரியவனாக ஆக்கவில்லை.

கேத்தி ரயில் நிலையம்

1982ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான பாலுமகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ சாபத்தின் இடத்தில் விபத்தை வைத்தது. கார் விபத்தில் தலையில் அடிபட்ட பாக்கியலட்சுமி குழந்தைப் பருவத்திற்குத் திரும்பிவிடுகிறாள். பாலியல் தொழில் நடக்கும் விடுதியிலிருந்து அவளை மீட்கும் ஆசிரியர் சீனு, நீலகிரியின் கேத்தியில் அவளை ‘விஜி’யாக வைத்துப் பராமரிக்கிறான். நாட்டு வைத்தியத்தால் அவள் தேறியதும் பழைய நினைவு மீள்கிறது. சீனுவோடு வாழ்ந்த காலம் முற்றாக அழிந்துபோகிறது. ரயில் புறப்படும்போது, அவளுக்கு விளையாட்டுக் காட்டிய குரங்காட்டத்தை மீண்டும் ஆடி நினைவூட்ட முயலும் சீனுவை அவள் பைத்தியக்காரன் எனக் கருதிக் கடந்து செல்கிறாள்.

மருத்துவ நோக்கில் இக்கதையின் முற்பாதி நலிவானது. அடிபட்ட மூளை, மனிதரைப் பேச்சும் நடத்தையுமாக ஆறு வயதிற்கு அனுப்பிவிடுவதில்லை. பிற்பாதியோ எதிர்பாராத வகையில் உண்மைக்கு அருகில் இருக்கிறது. உளவழி மறதியின் சில வகைகளில் பழைய நினைவு மீளும்போது இடைக்காலத்து நினைவு இல்லாமற்போவது மருத்துவர் அறிந்ததே. பார்வையாளர் இவ்விரண்டையும் பொருட்படுத்தவில்லை. அவர்கள் மனத்தில் நின்றது அந்த நடைமேடைதான்.

கமல்ஹாசனின் ரசிகர் கூட்டம் ஏற்கெனவே வளர்ந்திருந்த காலம் அது. கதைத்தலைவன் வெல்வதைக் கொண்டாடப் பழகிய ரசிகர், மண்ணில் விழுந்தெழுந்து நொண்டியபடி கோமாளியாகத் தோற்கும் தலைவனை ஏற்றுக்கொண்டது கவனத்திற்குரியது. இதற்குக் காரணம் நடிப்பு மட்டுமன்று (அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது). விஜியின் மேல் பழி சுமத்த வழியில்லை. சீனுவின் மேலும் குற்றமில்லை. நன்றி மறத்தலைப் பெரும்பிழையாகக் கற்ற ஒரு சமூகம், குற்றவாளியே இல்லாத நன்றிமறத்தலை அங்கே பார்த்தது. சினம் கொள்ள ஆளில்லாதபோது துயரம் முழுவதும் மறக்கப்பட்டவனிடமே தங்கிவிடுகிறது. நினைவு மீண்ட பெண் ரயில் பெட்டிக்குள் என்ன உணர்ந்திருப்பாள், தன் வாழ்வில் சில மாதங்கள் காணாமற்போனதை எவ்வாறு எதிர்கொள்வாள் என்ற வினாவைப் படம் பற்றிய பேச்சு பெரும்பாலும் எழுப்பியதில்லை.

அருள் இறங்கியவரின் மறதி

மதுரைச் சமவெளியில் பழியற்ற மறதிக்கு வேறொரு வடிவம் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. ஊர்த் திருவிழாவில் அருள் இறங்கிய சாமியாடி குறி சொல்கிறார், அதட்டுகிறார், பிணக்கைத் தீர்க்கிறார். அருள் மலையேறியபின், தாம் சொன்னது எதுவும் நினைவில்லை என்று அவர் கூறுவதை ஊர் இயல்பாக ஏற்கிறது. சொன்னது அவரல்லர் என்பதால் அவருக்கு அது நினைவிருக்க வேண்டியதும் இல்லை. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பின் கதவின்முன் சத்தியம் செய்யும் வழக்கமுள்ள வட்டாரத்தில், பேச்சுக்குப் பொறுப்பு யாருடையது என்பது சிறிய செய்தியன்று.

மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன், இந்நம்பிக்கையைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசென்றார். கவிதாலயா தயாரிப்பில், நாகா இயக்கத்தில், 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘மர்மதேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’, கருப்பின் பெயரால் நிகழும் தண்டனைகளுக்கு ஆளுமைப் பிளவு என்னும் உளவியல் விளக்கத்தை முன்வைத்தது. தான் செய்ததைத் தானே அறியாத மனிதன் அதன் மையத்தில் இருக்கிறான். இதனை அறிவியல் புனைவு என்று வகைப்படுத்துவோர் குறைவு. எனினும் அறியப்படாத மனநிகழ்வை அறிவியல் விளக்கத்தால் அவிழ்ப்பதே அதன் கதைப்பின்னல்.

இத்தொடரின் ஏற்பில் ஒரு தனித்தன்மை உண்டு. மருத்துவ விளக்கம் கிடைத்தபின்னும் கருப்பு விலகவில்லை; தலைப்பே அதற்கு இடம் தருகிறது. ஒளிபரப்புக்குப் பல ஆண்டுகள் கழித்து இணையக் காணொளியாக மீண்டும் பார்க்கப்படும்போதும், பார்ப்போர் நினைவுகூர்வது நோயின் பெயரை அன்று. குதிரையில் வரும் கருப்பையே. ‘மூன்றாம் பிறை’யில் மறக்கப்பட்டவரிடம் சென்ற கவனம் இங்கே தெய்வத்திடம் செல்கிறது. நினைவை இழந்தவர் இரண்டாம் முறையும் ஓரத்தில் நிற்கிறார்.

ஒரு பெயர் திசைமாறிய கதை

2005 செப்டம்பர் 29 அன்று வெளியான ஏ.ஆர். முருகதாஸின் ‘கஜினி’, கிறிஸ்டோபர் நோலனின் ‘மெமென்டோ’ (2000) படத்தின் கருவை எடுத்துக்கொண்டது. தலையில் இரும்புத் தடியால் தாக்கப்பட்ட சஞ்சய் ராமசாமிக்குப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் புதிய நினைவு நிற்பதில்லை. உடலில் பச்சை குத்திய எழுத்துகள், உடனுக்குடன் எடுத்த ஒளிப்படங்கள் ஆகியவற்றைத் துணைக்கொண்டு அவன் பழிதீர்க்கிறான்.

இது முன்னோக்கு மறதி எனப்படும். புதியன பதிவதில்லை, பழையன நிற்கும். 1953இல் வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசன் என்னும் அமெரிக்கரின் நிலையிலிருந்தே இதைப் பற்றிய அறிவு பெருமளவு வளர்ந்தது. மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி இருபுறமும் நீக்கப்பட்ட அவர், 2008இல் இறக்கும்வரை புதிய முகங்களை நினைவில் கொள்ள இயலாமல் வாழ்ந்தார். அவரிடம் பழிவாங்கும் திட்டம் எதுவும் இல்லை. ஆராய்ச்சியாளர் பிரெண்டா மில்னர் பல ஆண்டுகள் வந்து சென்றும், ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதியவராகவே இருந்தார்.

‘மெமென்டோ’ காலவரிசையைக் கலைத்து, பார்ப்பவரையும் மறதிக்குள் தள்ளுகிறது. ‘கஜினி’ அதைச் செய்யவில்லை. கல்பனாவின் காதல் கதை நாட்குறிப்பின் வழியே ஒழுங்காக விரிகிறது; நாயகனுக்கு நினைவில் நில்லாதது பார்வையாளருக்குத் துலக்கமாகத் தெரிகிறது. அசின் ஏற்ற கல்பனா பாத்திரம் பெற்ற அன்பு இதன் விளைவு.

படத்தலைப்பு அடைந்த மாற்றம் இன்னும் சுவையானது. பள்ளிப் பாடநூல் வழியாகத் தமிழர் அறிந்த கஜினி முகமது, பதினேழு முறை படையெடுத்தவர். தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்று எழுதுவோரைக் ‘கஜினி’ என்று கேலி செய்வது பழைய வழக்கு. விடாமுயற்சி என்பதே அச்சொல்லின் பொருள். முருகதாஸ் தலைப்பு வைத்ததும் அப்பொருளில்தான். தமிழ்ப் படத்தில் கஜினி என்று ஒரு பாத்திரமே இல்லை. இவ்வழக்கு அறியாத வடநாட்டுப் பார்வையாளருக்காக 2008ஆம் ஆண்டு இந்திப் பதிப்பில் அப்பெயர் வில்லனுக்குச் சூட்டப்பட்டது. தமிழ்ப் பேச்சிலோ வேறொன்று நிகழ்ந்தது. பட்டப்பெயர் சூட்டுவதில் சளைக்காத மதுரைப் பேச்சு உட்பட, ‘கஜினி’ என்றால் மறதிக்காரன் என்று ஆயிற்று. சாவியை வைத்த இடம் மறந்தவன் கஜினி. கொடுத்த கடனை மறந்ததாக நடிப்பவனும் கஜினி. முதலாவது இயலாமை, இரண்டாவது ஏமாற்று. இரண்டையும் ஒரே சொல் சுமக்கத் தொடங்கியது என்பதே கவலைக்குரிய செய்தி. துஷ்யந்தனின் மகாபாரத வடிவமும் காளிதாச வடிவமும் மீண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன எனலாம்.

சிரிப்புக்குள் இருந்த நோய்

2012 நவம்பர் 30 அன்று வெளியான பாலாஜி தரணிதரனின் ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’, அப்படத்தின் ஒளிப்பதிவாளர் சி. பிரேம்குமாருக்கு உண்மையில் நேர்ந்ததைத் தழுவியது. திருமணத்திற்கு முன் மட்டைப்பந்து ஆட்டத்தில் விழுந்து தலையில் அடிபட்ட மணமகன், அண்மைக்கால நினைவையும் அதனுடன் மணமகளையும் மறந்துவிடுகிறான். விழுந்த கதையையே அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்பச் சொல்கிறான். விஜய் சேதுபதி பேசிய அவ்வரிகள் ரசிகர் வாயில் பல ஆண்டுகள் நிலைத்தன. நினைவிழப்புக்கு அவன் காரணம் காட்டும் முகுளம் உண்மையில் மூச்சையும் இதயத்துடிப்பையும் ஆள்வது, நினைவோடு தொடர்பற்றது. அதைப் பற்றி யாரும் வருந்தவில்லை.

இந்நகைச்சுவைப் படமே நான்கனுள்ளும் மருத்துவ உண்மைக்கு மிக நெருங்கியது. மறதியில் புதிய நினைவுகள் முதலில் உதிர்கின்றன, பழையவை நிலைக்கின்றன என்று 1881இல் பிரெஞ்சு உளவியலாளர் தெயோதுல் ரிபோ வகுத்த விதிக்கு அது பொருந்துகிறது. ஒரே வினாவை, ஒரே சொற்களில், ஒரே தொனியில் மீளக் கேட்பது தலைக்காயத்தை அடுத்த குழப்பநிலையில் காணப்படும் அடையாளம்.

மற்றவற்றில் அழுத பார்வையாளர் இதில் சிரித்தது ஏன்? மணமகளுக்குத் தான் மறக்கப்பட்டது தெரியாது. நண்பர்கள் அதை மறைத்துவிடுகிறார்கள். மறக்கப்பட்டவரின் துயரம் இல்லாத இடத்தில் மறதி வேடிக்கையாகிவிடுகிறது. கருதுகோளுக்கு இதைவிடத் தெளிவான சான்று இந்நான்கு கதைகளில் இல்லை.

திரைக்கு வெளியே இச்சிரிப்பு வேறோர் இடத்தைச் சேர்கிறது. 2023இல் வெளியான தேசிய மதிப்பீடு ஒன்றின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் அறிவாற்றல் தேய்வுடன் வாழ்கின்றனர். அவர்களிடமும் முதலில் வெளிப்படுவது பெரும்பாலும் மீண்டும் மீண்டும் கேட்கப்படும் ஒரே வினாதான். சாப்பிட்டதை மறந்து, மருமகள் சோறு போடவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லும் மாமியாரின் செயலை வீடு நன்றிகெட்ட பேச்சாகவே முதலில் கொள்கிறது. வயதானால் அப்படித்தான் என்பது அதற்கடுத்த விளக்கம். மருத்துவர் மூன்றாவதாக வருகிறார். மறக்கப்பட்டவரின் பக்கமே நின்று பழகிய கண், இங்கும் மருமகளின் மனவருத்தத்தைச் சரியாகக் கண்டுகொள்கிறது. மாமியாருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் காணத் தாமதிக்கிறது.

சொல்லும் இத்தாமதத்திற்குத் துணைபோகிறது. ‘மறதிநோய்’ என்னும் வழக்கில் ‘மற’ என்னும் பழைய வினை தன் பழியுடனேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழில் இதே நிலைக்கு ‘அறளை பெயர்தல்’ என்பர். அத்தொடரில் யாரும் எதையும் மறக்கவில்லை. முதியவருக்குள் ஏதோ ஒன்று இடம் பெயர்ந்துவிட்டது என்று மட்டுமே அது கூறுகிறது.