திருவல்லிக்கேணியில் ஒரு காலை நடை: கட்டடங்கள் சொல்லும் நம் வரலாறு

சென்னைக்கு வரும் நம் குடும்பங்களில் பெரும்பாலோர் திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலைப் பார்த்திருப்பார்கள். ஜும்ஆவுக்கு வந்திருப்போம், அல்லது மருத்துவமனைக்கோ திருமணச் சாமான் வாங்கவோ வந்த இடத்தில் ளுஹர் தொழுதுவிட்டுப் போயிருப்போம். தொழுகை முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவைத் தேடுவோமே தவிர, அந்த வளாகத்தை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. நாங்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தோம்.

பள்ளிக்கூடப் பாடத்தில் ‘ஆற்காட்டு நவாப்’ என்றாலே கடன்காரர் என்றுதான் வருகிறது, உண்மையா என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. சரி, நேரிலேயே பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ருக்குப் பிறகு கிளம்பினோம். அந்த நடையில் பார்த்ததையும், அதை ஒட்டிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம். இன்ஷா அல்லாஹ், நீங்களும் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கிப் பாருங்கள். பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கினால் போதும். தண்ணீர் பாட்டில் அவசியம்.

கடற்கரைச் சாலையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையிலிருந்து தொடங்கலாம். ராபர்ட் சிஷோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1874 முதல் 1879 வரை கட்டப்பட்டது. நான்கு மூலையிலும் குவிமாடம் வைத்த கோபுரங்கள், வளைவுகள், வண்ணக் கண்ணாடிகள். தூரத்திலிருந்து பார்த்த எங்கள் மகள், "இது பள்ளிவாசலா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை. இந்தப் பாணிக்கு ‘இந்தோ சாரசனிக்’ என்று பெயர். சாரசன் என்பது அக்காலத்து ஐரோப்பியர்கள் அரபுகளையும் முஸ்லிம்களையும் குறிக்கப் பயன்படுத்திய சொல். ஆட்சியை நம்மிடமிருந்து பிடுங்கியவர்கள், தங்கள் கல்லூரிகளையும் நீதிமன்றங்களையும் கட்டும்போது நம் குவிமாடத்தையும் வளைவையும் எடுத்துக்கொண்டு, அதற்கு நம் பெயரையே வைத்தார்கள்! இதைக் கோபமாகச் சொல்லவில்லை. இந்த நாட்டில் ஆள்பவருக்குரிய தோற்றம் எது என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தத் தோற்றத்தை அவர்கள் எங்கே பார்த்தார்கள் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். வாலாஜா சாலையைக் கடந்தால் சேப்பாக்கம் அரண்மனை. நவாப் முகம்மது அலி கான் வாலாஜா ஆற்காட்டை விட்டுச் சென்னைக்கு வந்து, 1768 வாக்கில் கட்டி முடித்த மாளிகை இது. கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என்று இரண்டு பகுதிகள். அதைச் சுற்றி 117 ஏக்கர் நிலம். இன்று கிரிக்கெட் மைதானம் இருப்பதும் அந்தப் பழைய அரண்மனை வளாகத்தில்தான். இந்தியாவில் இந்தோ சாரசனிக் பாணியின் முதல் கட்டடம் இதுவே என்று சொல்பவர்கள் உண்டு.

இங்கேதான் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அரண்மனையைக் கட்டிக் கொடுத்தவர் என்று சொல்லப்படும் பால் பென்ஃபீல்ட், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர். அவரே பிற்காலத்தில் நவாபுக்குப் பெரும் வட்டிக்குக் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவரும் ஆனார். கம்பெனி நடத்திய போர்களின் செலவு நவாப் தலையில் விழுந்தது. அந்தச் செலவைக் கட்டுவதற்குக் கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். அந்தக் கடனுக்கு ஈடாக ஊர் ஊராக நிலவரி வசூலை எழுதிக் கொடுத்தார். வட்டி குட்டி போட்டது. இந்த விவகாரம் எவ்வளவு நாறியது என்றால், 1785இல் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இதற்காகவே ஒரு நீண்ட உரை ஆற்றினார். கடன் வாங்கியவரைவிடக் கொடுத்தவர்களைத்தான் அவர் அதில் சாடினார்.

நவாப் தவறே செய்யவில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆடம்பரமும் இருந்தது, அந்நியரை நம்பிய அரசியலும் இருந்தது. ஆனால் பாடப்புத்தகத்தில் ‘கடன்காரர்’ என்ற ஒற்றைச் சொல் மறைப்பது ஒன்று உண்டு: கடன் கொடுத்தவரின் பெயர். வட்டி ஏன் ஹராம் என்று பிள்ளைகளுக்கு விளக்க நாம் பல உதாரணங்கள் சொல்கிறோம். வீட்டுக் கடனில் தொடங்கி ஒரு நாட்டையே விழுங்கிய உதாரணம் வாலாஜா சாலையில் கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது.

1801இல் ஆட்சி அதிகாரம் ஒப்பந்தத்தின் வழியே கம்பெனிக்குப் போனது. 1855இல் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி இறந்தார். வாரிசு இல்லை என்ற காரணம் காட்டி நவாப் பட்டத்தையே ஒழித்தார்கள். கடனுக்காக என்று அரண்மனை ஏலத்துக்கு வந்தது. எடுத்தது யார்? அரசாங்கமே. பிறகு அது அலுவலகமாயிற்று. இரண்டு மஹால்களுக்கும் நடுவே இப்போது தெரியும் உயரமான கோபுரம் நவாப் கட்டியதல்ல, செனட் மாளிகையைக் கட்டிய அதே சிஷோம் பின்னால் சேர்த்தது. ஆனால் பார்த்தால் தெரியாது. அவ்வளவு பொருத்தமாகச் செய்திருக்கிறார். அவர் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

2012 ஜனவரியில் கலஸ் மஹாலில் தீப்பிடித்து மேற்கூரை இடிந்து விழுந்தது. இடித்துவிடுவார்கள் என்றுதான் பலரும் நினைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், பொதுப்பணித்துறை அதைச் சீரமைத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு அங்கேதான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உள்ளே விட மாட்டார்கள். வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

மைதானத்துக்கு அருகில் கஸ்தூர்பா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை. இந்தப் பகுதிப் பெரியவர்கள் இன்றும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். கோஷா என்றால் பர்தா. ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டோம் என்று வீட்டுக்குள்ளேயே பிரசவத்தில் இறந்துபோன பெண்கள் அக்காலத்தில் ஏராளம். முஸ்லிம் பெண்கள் மட்டுமல்லர், உயர்சாதி இந்துப் பெண்களும்தான். மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவர் முன்னின்று 1885இல் இவர்களுக்காகவே தொடங்கிய மருத்துவமனை இது. பர்தாவை எடுத்துவிட்டு வா என்று சொல்லாமல், பர்தாவோடு வருவதற்கு வழி செய்தார்கள். எங்களோடு வந்த உம்மா அந்தச் சிவப்புக் கட்டடத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்ந்தார்.

அங்கிருந்து திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை, அதாவது இன்றைய காயிதே மில்லத் சாலை. பெரிய பள்ளிவாசல் வந்துவிடும்.

வாலாஜா பள்ளிவாசல் 1795இல் நவாப் குடும்பத்தாரால் கட்டப்பட்டது. சாம்பல் நிறக் கருங்கல். மரமோ இரும்போ சேர்க்காமல் கட்டியதாகச் சொல்வார்கள். முன்னால் பரந்த மைதானம், அகலமான படிகள், இருபுறமும் ஒல்லியாக உயர்ந்த இரண்டு மினாராக்கள். அரண்மனையைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இதன் எளிமை ஆச்சரியமாக இருக்கும். மாளிகைக்கு அவ்வளவு செலவழித்தவர்கள் பள்ளிவாசலில் கையைக் கட்டிக்கொண்டார்களா என்று தோன்றும். அப்படியல்ல. வெயில் நேரத்தில் உள்ளே நுழைந்தால் கல்லின் குளிர்ச்சி காலில் தெரியும். சுவரில் கண்ணை இழுக்கும் வேலைப்பாடு அதிகம் இல்லாததால், தொழுகையில் மனம் சிதறுவதில்லை. இடத்தையும் காற்றையும் வெளிச்சத்தையும்தான் செலவழித்திருக்கிறார்கள்.

உள்ளே மிஹ்ராபுக்கு மேலே கல்லில் ஒரு வாசகம் செதுக்கப்பட்டுள்ளது. அரபு எழுத்துகளுக்கு அப்ஜத் கணக்குப்படி எண் மதிப்பு உண்டு. அந்தக் காலத்தில் ஒரு நிகழ்ச்சியின் ஆண்டைச் சொல்ல, எழுத்துகளைக் கூட்டினால் அந்த ஆண்டு வருவதுபோல் ஒரு தொடரை அமைப்பார்கள். இங்கே உள்ள தொடர் ‘திக்ருல்லாஹி அக்பர்’. அல்லாஹ்வை நினைவுகூர்வதே மிகப் பெரியது என்று பொருள். பிள்ளைகளைக் கூட்டச் சொன்னோம். தால் 700, காஃப் 20, ரே 200, ஆக 920. அல்லாஹ் என்ற பெயருக்கு அலிஃப் 1, லாம் 30, லாம் 30, ஹே 5, ஆக 66. அக்பருக்கு அலிஃப் 1, காஃப் 20, பே 2, ரே 200, ஆக 223. மொத்தம் 1209. ஹிஜ்ரி 1209 என்பது கி.பி. 1794-95. சரியாக வந்ததும் பள்ளிவாசல் என்பதையும் மறந்து சின்னவன் கைதட்டிவிட்டான்.

இந்தத் தொடரை அமைத்தவர் ராஜா மக்கன் லால், நவாபிடம் முன்ஷியாக இருந்த ஒரு இந்து அறிஞர். தொழுகைக்கு நிற்கும் இமாமின் தலைக்கு மேலே ஒரு இந்து எழுதித் தந்த வாசகம் 200 ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. யாரும் அதை அகற்றச் சொல்லவில்லை. ரமளானில் வந்தால் இதன் தொடர்ச்சியையும் பார்க்கலாம். மயிலாப்பூரிலுள்ள சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் பல ஆண்டுகளாக இங்கே நோன்பு திறக்க உணவு கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். வரிசையாக உட்கார்ந்திருக்கும் நோன்பாளிகளுக்கு அவர்கள் தலையில் தொப்பி வைத்துக்கொண்டு பரிமாறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தொலைக்காட்சி விவாதங்களில் அவர்கள் பார்க்காத காட்சி அது.

வளாகத்தில் இரண்டு கப்ருகளை ஸியாரத் செய்தோம். ஒன்று, ‘பஹ்ருல் உலூம்’ என்று போற்றப்பட்ட மௌலானா அப்துல் அலீ (ரஹ்). லக்னோவின் ஃபிரங்கி மஹல் உலமாக்கள் மரபில் வந்தவர். நவாபின் அழைப்பில் சென்னைக்கு வந்து கல்வி போதித்து 1810இல் வஃபாத்தானார். மற்றொன்று, கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்). 1972 ஏப்ரல் 5 அன்று மறைந்தார். அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காகக் குரல் கொடுத்தவர். மாளிகை கட்டிய நவாப் வாலாஜா இங்கே இல்லை, திருச்சி நத்ஹர் வலி தர்காவில் அடங்கியிருக்கிறார். மாளிகை எதுவும் சேர்க்காத காயிதே மில்லத்தின் பெயரில்தான் இன்று இந்தச் சாலையே இருக்கிறது.

நடையில் சற்று விலகி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் கட்டிய பழைய கல் பள்ளிகள், கோயில் மண்டபத்தைப் போலவே தூணும் போதிகையுமாக இருக்கும். உருவம் மட்டும் இருக்காது, அதற்குப் பதில் பூவும் கொடியும். தமிழ்நாட்டுச் சிற்பிகளின் கைவேலையைத் தவ்ஹீதுக்கு இசைவாக ஆக்கிக்கொண்டது அது. வாலாஜா பள்ளி வேறு பாணி. ஆனால் கல்லை அது நம்பியதும் அதே போலத்தான். இன்று நம் ஊர்களில் என்ன நடக்கிறது? இடம் போதவில்லை என்று ஜமாஅத் கூடுகிறது, வெளிநாட்டிலிருந்து நிதி வருகிறது, பழைய பள்ளியை இடித்துவிட்டு வழுவழுப்பான டைல்ஸும் பச்சைக் கண்ணாடியும் கான்கிரீட் குவிமாடமுமாக ஒன்று எழும்புகிறது. இடம் தேவைதான், மறுக்கவில்லை. பின்னால் நீட்டிக் கட்டலாமே, பழைய முன்மண்டபத்தையாவது விட்டுவைக்கலாமே என்று கேட்க ஆள் இல்லை. நாம் இங்கே எத்தனை நூற்றாண்டாக இருக்கிறோம் என்று நாளை ஒருவர் கேட்டால், காட்டுவதற்கு இருக்கும் ஒரே சாட்சியை நாமே லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். உங்கள் ஊரில் அப்படி ஒரு பேச்சு நடந்தால், இடிக்கும் முன் ஒவ்வொரு தூணையும் கல்வெட்டையும் படமாவது எடுத்து வையுங்கள்.

பள்ளியிலிருந்து கிளம்பி நடந்தால் பெரிய தெரு. ஓட்டு வீடுகளும் திண்ணைகளும் மிச்சம் ஒன்றிரண்டுதான். மற்ற இடமெல்லாம் மேன்ஷன்கள். வேலை தேடி ஊரிலிருந்து வந்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த ஒற்றை அறைகளில் தங்கி ஆளானார்கள்! கட்டடக் கலை என்று யாரும் அவற்றைப் படம் எடுப்பதில்லை, ஆனால் இவையும் இந்தப் பேட்டையின் வரலாறுதான். சற்றுத் தள்ளிப் பார்த்தசாரதி கோயிலின் கோபுரமும் குளமும். அங்கே பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அல்லி பூத்த கேணி இருந்ததால்தான் ஊருக்கே திருவல்லிக்கேணி என்று பெயர். அருகிலேயே பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு, இப்போது அரசு நினைவில்லம்.

வெயில் ஏறிவிட்டது. கடற்கரைப் பக்கம் திரும்பி ஐஸ் ஹவுஸில் முடித்தோம். 1842இல் அமெரிக்காவின் டியூடர் கம்பெனி, அங்குள்ள ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்கக் கட்டிய கிடங்கு அது. இங்கேயே ஐஸ் தயாரிக்கத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக மாற்றினார். 1897இல் சுவாமி விவேகானந்தர் இங்கே தங்கியதால், இன்று விவேகானந்தர் இல்லம். பேருந்து நடத்துநருக்கு மட்டும் இன்னமும் ஐஸ் ஹவுஸ்தான்.

ராயப்பேட்டை அமீர் மஹாலுக்கு அன்று போக முடியவில்லை. கம்பெனி தன் அலுவலகத்துக்காக 1798இல் கட்டிய அந்தக் கட்டடத்தில்தான், சேப்பாக்கத்தை இழந்த நவாப் குடும்பம் 1876இல் குடியேறி இன்றுவரை வசிக்கிறது. நவாபின் அரண்மனையில் அரசு அலுவலகம், கம்பெனியின் அலுவலகத்தில் நவாப் குடும்பம். இதைச் சொன்னதும் பெரியவன் சிரித்துவிட்டு, "அடுத்த தடவை முதலில் அங்கே போவோம் வாப்பா" என்றான்.