கம்பியின் நிறம் மாறியபோது

நேயர்களே, வீட்டுச் சுவருக்குள் மறைந்து செல்லும் மின்கம்பி எந்த நிறமாயிருந்தால் நமக்கென்ன என்று நம்மிற் பலர் எண்ணக்கூடும். ஆளியை அழுத்தியதும் விளக்கு எரிந்தால் நமக்குப் போதும். ஆனால், அக்கம்பியை வெட்டிப் பிணைக்கும் மின்னியலாளருக்கு நிறம் ஒரு மொழி. எது தொடத்தக்கது, எது தொடத்தகாதது என்பதை அம்மொழியே அவருக்குச் சொல்கிறது. அம்மொழியிலுள்ள சொற்களின் பொருளை ஒரு நாடு மாற்றியமைத்தால் என்ன நேரும்? பிரித்தானியாவில் 2004ஆம் ஆண்டில் அவ்வாறே நிகழ்ந்தது. அம்மாற்றத்தை மின்னியலாளர் எவ்வாறு ஏற்றனர், எதற்கு அஞ்சினர் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

பிரித்தானியாவின் மின்கம்பி ஒழுங்குவிதிகள் பழமையானவை. மின்விளக்குகளால் விளையும் தீ அபாயத்தைத் தடுக்கும் பொருட்டு 1882ஆம் ஆண்டிலேயே முதல் விதிகள் வெளியாயின. அதன்பின் அவை பல முறை திருத்தப்பட்டன. பதினாறாம் பதிப்பு 1991இல் வந்தது. 1992இல் அது 7671 என்னும் எண்ணுடன் பிரித்தானிய நியமமாயிற்று. அந்நூல் தன்னளவிற் சட்டமன்று. ஆயினும், வேலை செம்மையாகச் செய்யப்பட்டதா என்று அளக்கும் கோல் அதுவே.

பழைய முறையில், மின்னைக் கொண்டுவரும் உயிர்க்கம்பி சிவப்பு. அதனைத் திருப்பிக் கொண்டுசெல்லும் நொதுமற்கம்பி கறுப்பு. தொழிற்சாலைகளிலும் பெரிய கட்டடங்களிலும் உள்ள மூவவத்தை மின்னிணைப்பில் உயிர்க்கம்பிகள் மூன்று. அவை சிவப்பு, மஞ்சள், நீலம் என்னும் நிறங்களைப் பெற்றிருந்தன. ஐரோப்பிய நாடுகளுடன் ஒருமைப்பாடு காணும் நோக்கத்துடன் 2004 மார்ச்சு 31இல் புதிய திருத்தம் வெளியாயிற்று. அதன்படி உயிர்க்கம்பி கபிலநிறமும் நொதுமற்கம்பி நீலநிறமும் ஆயின. மூவவத்தைக் கம்பிகளோ கபிலம், கறுப்பு, சாம்பல் என மாறின. பச்சையும் மஞ்சளும் கலந்த புவிக்கம்பியில் மாற்றமில்லை. இரண்டாண்டுக் காலத்துக்குப் பழைய நிறங்களையோ புதிய நிறங்களையோ பயன்படுத்தலாம். 2006 மார்ச்சு 31இன் பின் தொடங்கும் வேலைகளுக்குப் புதியவையே உரியவை.

இத்திருத்தத்தை வரவேற்றோரும் இருந்தனர். மின் கருவிகளின் நெகிழ்கம்பிகள் 1970ஆம் ஆண்டளவிலேயே கபிலமும் நீலமுமாகிவிட்டன. சுவருக்கு வெளியே ஒரு மொழி, உள்ளே வேறொரு மொழி என்றிருந்த நிலை இனி நீங்கும் என்பது அவர்கள் வாதம். ஐரோப்பாவிலிருந்து வரும் இயந்திரங்களைப் பொருத்துவோருக்கும் இது வசதியாயிருந்தது.

மற்றையோரின் முறைப்பாடு வேறு. புதிய நிறங்கள் முற்றிலும் புதியனவாயிருந்தால் அவர்கள் அத்துணை கலங்கியிரார். நேற்றுவரை நொதுமலைக் குறித்த கறுப்பு இன்று உயிர்க்கம்பியைக் குறிக்கிறது. நேற்றுவரை உயிர்க்கம்பியாயிருந்த நீலம் இன்று நொதுமலைக் குறிக்கிறது. பழைய மூவவத்தைப் பலகையொன்றிலிருந்து புதிய கம்பி இழுக்கும் ஒருவர் நீலத்தை நீலத்தோடு இணைத்துவிட்டால், நொதுமல் என்று அவர் கருதும் கம்பியில் மின் பாயும். 230 உவோற்றுக்கென ஆக்கப்பட்ட கருவி இரண்டு உயிர்க்கம்பிகளுக்கிடையே அகப்பட்டால் 400 உவோற்று அதனைத் தாக்கும். கருவி கருகுவதோடு நில்லாது, கை வைத்தவரின் உயிருக்கும் கேடு விளையலாம்.

வேறு குறைகளும் கூறப்பட்டன. கூரையின் கீழும் படிக்கட்டின் அடியிலும் மங்கிய வெளிச்சத்தில் வேலைசெய்பவருக்குக் கபிலம், கறுப்பு, சாம்பல் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். சிவப்பும் மஞ்சளும் அவ்வாறு ஏமாற்றுவதில்லை என்றனர். கையிருப்பிலுள்ள கம்பிச் சுருள்களை என்செய்வது, புதிய நூலுக்கும் பயிற்சிக்கும் பணம் யார் தருவது என்ற வினாக்களும் எழுந்தன. 2005 சனவரியில், இங்கிலாந்திலும் வேல்சிலும் வீட்டு மின்வேலைகளை அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்ற கட்டிட விதியும் நடைமுறைக்கு வந்தமையால், சிறு தொழில் செய்வோரின் மனக்குறை பின்னும் பெருகிற்று.

விதியாக்கியோர் இவ்வாபத்தை அறியாதவரல்லர். பழைய நிறமும் புதிய நிறமும் ஒரே கட்டடத்தில் உள்ளவிடத்து, மின்பகிர்வுப் பலகையில் எச்சரிக்கை அறிவித்தல் ஒட்டவேண்டும் என்று விதித்தனர். பழைய மூவவத்தைக் கம்பி புதியதைச் சந்திக்கும் இடத்தில், நிறத்தை மட்டும் நம்பாது எழுத்தாலும் எண்ணாலும் அடையாளமிட வேண்டும் என்றும் கூறினர். எனினும், சுவருக்குள் இருக்கும் கம்பி பல்லாண்டு வாழ்வது. விதி ஒரே நாளில் மாறலாம். வீடுகள் ஒரே நாளில் மாறா. மின்னியலாளரின் அச்சத்துக்கு வேர் இதுவே. அதனை வெறும் பிடிவாதம் என்று தள்ளுதல் தகாது.

ஆகவே, தொழிலறிந்தோர் கைக்கொள்ளும் ஒழுங்கு நிறத்தைக் கடந்தது. முதலில் மின்னைத் துண்டித்து, பிறர் மீண்டும் கொடுக்காதவாறு பூட்டவேண்டும். அடுத்து, சோதனைக் கருவியை மின்னுள்ள ஓரிடத்தில் வைத்து அது சரியாக இயங்குகின்றதா எனப் பார்க்கவேண்டும். பின் வேலைசெய்யும் கம்பியைச் சோதிக்கவேண்டும். முடிவில் கருவியை மறுபடியும் பரிசோதிக்கவேண்டும். இடையில் அது பழுதுற்றிருந்தால், மின் இல்லை என்று அது காட்டியது பொய்யாகிவிடுமன்றோ?

நேயர்களே, இச்செய்தி கடல் கடந்த நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானிய முறையைப் பின்பற்றிக் கம்பியிடப்பட்ட நம் நாட்டுப் பழைய வீடுகளில் சிவப்பும் கறுப்பும் இன்னும் உண்டு. பின்னர் கட்டிய அறையிற் கபிலமும் நீலமும் இருக்கலாம். உங்கள் வீட்டில் அவ்வாறாயின், தகுதிபெற்ற மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு சோதிப்பித்து, பகிர்வுப் பலகையில் ஓர் அறிவித்தலை ஒட்டச்செய்யுங்கள். நாளை அதனைத் திறக்கும் கை எவருடையதாயினும், அச்சிறு துண்டுக் கடதாசி அவருயிரைக் காக்கக்கூடும்.