ராத்திரியில் காலியாகும் பெட்ரோல்... பழைய கார்புரேட்டரில் ஒளிந்திருக்கும் கசிவு!

கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணி, புது கிட் வாங்கிப் போட்டாச்சு. ஆனாலும் ராத்திரி நிறுத்திய கார், காலையில் பத்து தடவை செல்ஃப் அடித்தால்தான் கிளம்புகிறது. அமெரிக்காவில் பழைய செவர்லே, போன்டியாக் கார்களை ஆசையாக வைத்திருப்பவர்களின் தீராத புலம்பல் இது. பழி முதலில் பெட்ரோல் பம்ப் மேல் விழும். அடுத்து பேட்டரி, அப்புறம் ஸ்டார்ட்டர். மூன்றையும் மாற்றிப் பர்ஸ் இளைத்த பிறகுதான் நிஜக் குற்றவாளி பக்கம் பார்வை திரும்பும்.

அந்தக் கார்களில் பலவற்றில் இருப்பது 'குவாட்ராஜெட்' கார்புரேட்டர். ஜெனரல் மோட்டார்ஸின் ரோச்செஸ்டர் பிரிவு 1965-ல் அறிமுகம் செய்தது. 1990 வரை புதுக் கார்களில் வந்தது. முன்னால் இரண்டு சின்னத் துளைகள், பின்னால் இரண்டு பெரிய துளைகள். மெதுவாகப் போனால் சின்னது மட்டும் வேலை செய்யும். ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்தால் பெரியதும் திறக்கும். 1977-ல் வெளியான 'ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்' படத்தில் பறக்கும் கறுப்பு டிரான்ஸ் ஆம் ஞாபகம் இருக்கிறதா? அந்த மாடலிலும் இதுதான்.

சிக்கல் இதன் அடிவயிற்றில். பெட்ரோல் தேங்கும் கிண்ணத்துக்குக் கீழே, உள் வழிகளுக்காக ஃபேக்டரியிலேயே துளை போட்டு, சின்ன உலோக பிளக்குகளை அழுத்தி அடைத்திருப்பார்கள். பல வருடம் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி அந்தப் பிடி தளர்ந்துவிடும். பெட்ரோல் சொட்டுச் சொட்டாக இறங்கும். தரையில் ஒரு துளிகூட விழாது என்பதுதான் கொடுமை. எல்லாம் இன்ஜின் உள்ளேயே போகிறது. அங்கே சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவி, இன்ஜின் ஆயிலையும் நீர்க்கச் செய்கிறது. ஓடும்போதும் இந்தக் கசிவு, ஜெட் அளந்து தரும் கணக்கில் சேராத பெட்ரோல். அதனால் கறுப்புப் புகை, மைலேஜும் அடி.

கிட்டில் கேஸ்கெட், நீடில் வால்வு எல்லாம் இருக்கும். இந்த பிளக் பொதுவாக இருக்காது. அதனால்தான் ஓவர்ஹால் முடிந்தும் நோய் தீர்வதில்லை.

காலையில் கிண்ணம் காலி என்றால் பிளக்தான் என்று உடனே முடிவு கட்டவும் கூடாது. சூடான இன்ஜின் மேல் உட்கார்ந்திருக்கும் கிண்ணத்திலிருந்து இன்றைய பெட்ரோல் ஆவியாகியும் போகும். சோதித்துப் பார்ப்பது சுலபம். அடியில் இருக்கும் த்ராட்டில் பகுதியைக் கழற்றி, கிண்ணப் பகுதியை மட்டும் காய்ந்த செய்தித்தாள் மேல் உயர்த்தி வைத்து, மினரல் ஸ்பிரிட் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். பிளக்குக்கு நேர் கீழே தாள் நனைந்திருந்தால் விஷயம் உறுதி. வீட்டுக்குள்ளோ, அடுப்பு, சாமி விளக்குப் பக்கத்திலோ இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கசிகிறதா? பிளக்கையும் சுற்றுப்புறத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இல்லாமல் துடைத்து, பெட்ரோலைத் தாங்கும் இரண்டு பாக எபாக்ஸியைப் பூச வேண்டும். பலர் கைவைப்பது ஜேபி வெல்ட். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். அவசரப்பட்டால் அத்தனையும் வீண். மேடாகப் பூசினாலும் வம்பு, கேஸ்கெட் சமமாக உட்காராது. என்னைக் கேட்டால், பிளக்கை எடுத்துவிட்டு மரை போட்டு, ஓ-ரிங் வைத்த ஸ்க்ரூ பிளக் மாட்டுவதே மேல். ஆனால், அது கை பழகிய மெக்கானிக் வேலை. கொஞ்சம் ஆழமாகத் துளைத்துவிட்டால் கார்புரேட்டரே குப்பைக்குப் போகும்.

எபாக்ஸி பூசியதை அடுத்த முறை காரமான கிளீனரில் ஊறப்போடாதீர்கள், பிடிப்பு போய்விடும். நம்ம ஊர் அம்பாசடர், பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றிலும் கார்புரேட்டர் உண்டு, ஆனால் அமைப்பே வேறு. காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இந்த பிளக்கைத் தேட வேண்டாம்.

பூச்சு காய்ந்ததும் அதே செய்தித்தாள் சோதனையை இன்னொரு ராத்திரி செய்துவிடுங்கள். தாள் காய்ந்திருந்தால் கேஸ்கெட்டை வைத்து மூடலாம்.