பாம்புக்கடி... வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து!

வனவிலங்கு ஆபத்து என்றதும் நீலகிரி, கோயம்புத்தூர் பக்கத்து யானையும் சிறுத்தையும்தான் நினைவுக்கு வரும். பூந்தமல்லி, திருவேற்காடு வட்டாரத்தில் அந்தப் பயம் இல்லை. ஆனால், நூம்பல் போன்ற ஊர்களில் வீட்டு வாசல் வரை வந்துபோகும் காட்டுயிர் ஒன்று உண்டு. அதுதான் பாம்பு.

விளைநிலங்கள் வீட்டுமனைகளாக மாறும் இடங்களில், காலி மனையில் புதர் மண்டுகிறது, குப்பை சேர்கிறது, எலி பெருகுகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. பருவமழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தால், மேடு தேடி வீட்டுக்குள்ளும் நுழைகிறது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, மருத்துவமனைகள் அரசுக்குத் தகவல் தர வேண்டிய நோய்களில் பாம்புக்கடியையும் சேர்த்தது.

நான்கு பாம்புகள்

அதிக உயிர்களைப் பறிப்பவை நான்கு. நல்ல பாம்பு எலி வளை, வைக்கோல் போர்களில் இருக்கும். கட்டுவிரியன் கருமையான உடலில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள் கொண்டது. இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். இவை இரண்டின் நஞ்சும் நரம்பைத் தாக்கும். இமை சரியும், நாக்கு குழறும், மூச்சு முட்டும்.

கண்ணாடி விரியன் தடித்த உடலும் சங்கிலி போன்ற புள்ளிகளும் கொண்டது. குக்கர் போலச் சீறும். மலைப்பாம்புக் குட்டி என நினைத்துக் கையில் எடுத்துவிட வேண்டாம். சுருட்டை விரியன் சிறியது. வறண்ட, கல் நிறைந்த இடங்களில் இருக்கும். விரியன்கள் இரண்டின் நஞ்சும் ரத்தம் உறைவதைக் கெடுக்கும்.

கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்றுவலி, வாந்தி, இமைச் சரிவு வந்தால், பாம்புக்கடியாகவும் இருக்கலாம் என்று கருதி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கடித்தால் என்ன செய்வது?

* கடிபட்டவரை நடக்க, ஓட விடாதீர்கள். பதற்றம் தணியப் பேசுங்கள்.
* மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது.
* எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல், கை காலை ஒரு மட்டையுடன் சேர்த்து அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள்.
* கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது கூடாது.
* 108-ஐ அழையுங்கள். தாமதமாகும் என்றால் கிடைத்த வண்டியில் கிளம்புங்கள்.

மந்திரிப்பது, பச்சிலை கொடுப்பது என்று நேரத்தை வீணாக்கக் கூடாது. நஞ்சில்லாத பாம்பு கடித்தவரும், நஞ்சு இறங்காத கடி வாங்கியவரும் எதுவும் செய்யாமலே பிழைத்துவிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் பச்சிலைக்குப் பெயர் கிடைக்கிறது.

கடித்த பாம்பைக் கொண்டுபோக வேண்டுமா?

வேண்டாம். பிடிக்கப் போனால் இன்னொருவருக்கும் கடி விழும். நஞ்சுமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. அதற்கான நஞ்சைத் தருவதில் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1978-ல் தொடங்கிய இச்சங்கத்தினர் நஞ்சை எடுத்துவிட்டு, பாம்பை மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்த மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

வருமுன் காக்க

இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது டார்ச்சும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் அவசியம். விறகு, வைக்கோல், செங்கல் அடுக்கில் வெறுங்கையை நுழைக்காதீர்கள். முதலில் குச்சியால் தட்டுங்கள். கட்டிலில் படுங்கள். தரையில் படுப்பதானால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். தானியத்தையும் கோழித் தீவனத்தையும் மூடி வையுங்கள். எலி குறைந்தால் பாம்பின் வரவும் குறையும்.

சாரைப்பாம்பு, தண்ணீர்ப்பாம்புகளுக்கு ஆளைக் கொல்லும் நஞ்சு இல்லை. சாரை எலியைத் தின்று நெல்லைக் காப்பாற்றும். வீட்டுக்குள் பாம்பு வந்தால் அடிக்காமல், தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

நஞ்சுமுறிவு மருந்து உங்கள் ஊருக்கு அருகில் எந்த அரசு மருத்துவமனையில், இரவிலும் கிடைக்கும் என்பதை இந்த வாரமே விசாரியுங்கள். அந்த இடத்தையும் தொலைபேசி எண்ணையும் பம்புசெட் அறைச் சுவரில் எழுதி வையுங்கள்.