கல்லாய்ச் சமைந்த கடல் – 9: எலும்பா, மரமா?

போன வாரம் காரையின் செம்பழுப்பு மேடுகளில் விட்டேன். இந்த வாரம் சாத்தனூர் கல்மரத்துக்குக் கூட்டிப்போவதாக வாக்கு. அதற்குள் கல்லமேடு கையைப் பிடித்து இழுத்துவிட்டது. இழுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

காரையில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அங்கே அடியில் இருப்பது ஜிப்சம் கலந்த களிமண். மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடி, நிலத்தைப் பள்ளம் பள்ளமாக அறுக்கும். செடிகொடி ஊன்ற வழியில்லை. ஆனால் ஒவ்வொரு மழை விட்டதும் பெலம்நைட் துண்டுகள் புதிதாகத் தலைகாட்டும். கணவாய்க்கு உறவான கடலுயிரியின் உட்கூடு அது. காட்டிக்கொடுப்பதும் மழை, கரைத்துவிடுவதும் மழை. கல்லமேட்டில் நடந்தது இரண்டாவது.

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் ஒரு டைனோசருக்குப் பெயர் சூட்டினார்கள்: புருஹத்காயோசாரஸ். இடுப்பெலும்பு, தொடையெலும்பில் ஒரு பகுதி, வால் முள்ளெலும்பு ஆகியவற்றோடு ஒரு கீழ்க்கால் எலும்பு. அது மட்டுமே 2 மீட்டர்! பிரமாண்டத்துக்குப் பேர்போன அர்ஜென்டினோசாரஸுக்கே கீழ்க்கால் எலும்பு சுமார் 1.55 மீட்டர்தான். முதலில் இதை ஊனுண்ணி என்றுதான் எழுதினார்கள். நீள்கழுத்துத் தழையுண்ணி என்பது பின்னால் வந்த திருத்தம்.

நேரில் போய்ப் பார்க்கலாமா என்றால், முடியாது. ஈரத்தில் ஊறி விரிசல் விட்டிருந்த எலும்புகள், சாந்து பூசிக் கட்டி எடுத்தும், ஆய்வுத் துறைக்குப் போய்ச் சேருமுன் பொடிந்துவிட்டன. கையில் மிஞ்சியவை சில கோட்டுப் படங்கள். அவற்றை வைத்துக்கொண்டு, ‘எலும்பே இல்லை, கல்லாகிப்போன அடிமரமாக இருக்கும்’ என்று ஆய்வாளர்கள் சிலர் சந்தேகப்பட்டார்கள். 2022இல் அய்யாசாமி இன்னொருவருடன் சேர்ந்து, அதுவரை வெளிவராத பழைய புகைப்படங்களை வெளியிட்டார். எலும்பு என்ற கட்சிக்கு மறுபடி பலம் வந்தது. 2023இல் வந்த ஒரு கணக்கு, எடை 110 முதல் 130 டன் இருக்கலாம் என்கிறது. பத்திரம் தொலைந்த நிலத்துக்கு விலை பேசுவது போலத்தான். ஆனாலும் நிலம் நம்முடையது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஒன்றை இன்னொன்றாக நினைப்பது இந்தப் பக்கத்தில் புதிதல்ல. 2020இல் குன்னம் அருகே உருண்டைக் கற்கள் கிடைத்தபோது ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப் அலறியது. புவியியலாளர்கள் வந்து பார்த்தார்கள். அம்மோனைட் என்ற பழங்கடலுயிரியைச் சுற்றி இறுகிய கல்லுருண்டைகள். இத்தனைக்கும் அரியலூர் மாவட்டத்தில் நிஜமான டைனோசர் முட்டைகள் 2009இல் கிடைத்திருக்கின்றன. செந்துறைப் பக்கத்தில்.

சாத்தனூர்? பக்கம் முடிகிறது, ஆசிரியர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் பதிவுசெய்த மரம். 18 மீட்டருக்கு மேல் நீளம். மரம்தான் என்பதில் யாருக்கும் தகராறில்லை. கோடிக்கணக்கான ஆண்டு காத்திருந்தது இன்னும் ஒரு வாரம் காத்திருக்கும்.

அதற்குள் காரைக்குக் கிளம்புகிறவர்களுக்கு: தொப்பியும் தண்ணீரும் அவசியம், நிழல் கிடையாது. எதையும் பைக்குள் போடாதீர்கள். எலும்பு மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் தோண்டாமல், இடத்தோடு சேர்த்துப் படமெடுத்து, புவியியல் துறை உள்ள ஏதாவது கல்லூரிக்குச் சொல்லுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் சொல்லுங்கள்.