கேம் கன்சோல்: பவர் முக்கியமா, புதுமை முக்கியமா?

புது கேம் கன்சோல் வாங்கப் போறீங்களா? 'கிராபிக்ஸ் எப்படி, எத்தனை டெராஃப்ளாப்ஸ்?' என்றுதான் முதலில் தேடுவோம். ஆனால் விற்பனையில் எல்லா நேரமும் பவரே ஜெயித்துவிடுவதில்லை.

1989-ல் வந்த நின்டெண்டோ கேம் பாயில் கலர்கூட கிடையாது. அடுத்த ஆண்டே சேகாவின் கேம் கியர் கலர் ஸ்கிரீனோடு வந்தது. 6 பேட்டரி போட்டாலும் அது சில மணி நேரம்தான் தாங்கும். கேம் பாய் 4 பேட்டரியிலேயே 10 மணி நேரத்தைத் தாண்டும். ஜெயிச்சது கேம் பாய்தான்.

2006-ல் வந்த நின்டெண்டோ 'வீ', பவரில் பிளேஸ்டேஷன் 3-க்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் ரிமோட்டை வீசியே டென்னிஸ் ஆடலாம் என்றதும் தாத்தா பாட்டிகளும் ஆடினார்கள். 'வீ' 10 கோடிக்கு மேல் விற்றது. பிளேஸ்டேஷன் 3 சுமார் 8.7 கோடி.

அப்போ புதுமை மட்டும் போதுமா? அதுவும் போதாது. 2012-ல் கன்ட்ரோலரிலேயே ஸ்கிரீனோடு வந்த 'வீ யு', 1.4 கோடியைக்கூட எட்டவில்லை. அந்த ஸ்கிரீன் எதற்கு என்றே பலருக்குப் புரியவில்லை.

ஆக, எதுவானாலும் ஆடுபவரின் சூழலுக்குப் பொருந்தணும். கள்ளக்குறிச்சி டவுனில் ஃபைபர் கனெக்‌ஷன் இருந்தால் 100 ஜிபி கேமும் இறங்கிவிடும். கல்வராயன் மலையில் சிக்னலைத் தேடி அலையும் ஊர்களில், டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் எடிஷன் எவ்வளவு பவராக இருந்தும் என்ன பயன்?

ஸ்பெக் பார்ப்பதற்கு முன், உங்க வீட்டு நெட் ஸ்பீடைப் பாருங்க.